கோட்டுப் போட்ட வாழை

செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் லேசாகச் சளி. மழையில் நின்று வாழைக்குக் குடை பிடித்ததால் வந்தது. உனக்கு அந்த ஊர்ச் சூடு ஒத்துக்கொண்டதா? தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாயா? இதெல்லாம் நீ என்னைக் கேட்க வேண்டிய கேள்விகள் என்று தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

போனில் குரல் கேட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், பத்து மாதமும் கடிதம்தான் என்று நீ சொன்னது சரிதான். கடிதம் எழுதும்போது அழுதால் வேறு தாளை எடுத்துக்கொள்ளலாம். நான் இதுவரை ஒரே ஒரு தாளைத்தான் மாற்றினேன்.

இனி வாழைச் செய்தி. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சமையலறைச் சுவரோரம் நீ நட்டாயே, அந்த இடத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது. தண்டின் உச்சி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. இலைகள் ஏழு. நூலகத்தில் குளிர்நாட்டுத் தோட்டங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. "இத இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லம்மா, இரு, தூசி தட்டித் தரேன்" என்றார் நூலகர். அதில் நம் வாழைக்கென்றே நாலு பக்கங்கள் இருக்கின்றன. இது குளிர் தாங்கும் ரகமாம். ஆனால் இலை தாங்காது, உறைபனி பட்டதும் கருகிவிடும். இலையை மட்டும் நறுக்கிவிட்டுத் தண்டைச் சுற்றி வைக்கோல் திணித்துக் காப்பாற்றினால், வசந்தத்தில் அதன் உச்சியிலிருந்தே புதுக் குருத்து கிளம்புமாம். பழம் வந்தாலும் உள்ளே முழுக்க விதைதானாம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுச் சலூன் மாமா நேற்று வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "ஏன் டிரைவரே, பனி கொட்டுற ஊர்ல வாழையா? அடுத்து என்ன, ஒட்டகமா?"

"உங்க ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கிக்குங்க" என்றார் அப்பா. பஸ் ஓட்டாத நேரத்திலும் அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை.

ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "வாழை செத்துப்போச்சுன்னா நான் திரும்பி வரவே மாட்டேன், பாத்துக்கோ" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். விளையாட்டு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் மருத்துவமனையில் எல்லாருக்கும் சீக்கிரம் கண் தெளியட்டும்.

இப்படிக்கு,
உன் புத்தகப்புழு


செப்டம்பர் 30

என் புழுவுக்கு,

தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன், டாக்டரம்மா. தலைவலி, காய்ச்சல் ஒன்றும் இல்லை. அப்பாவின் சளி போய்விட்டதா? இனிமேல் குடையைத் தன் தலைக்கு மேலே பிடிக்கச் சொல்.

இங்கே வெயில் காலை ஆறு மணிக்கே வந்து கதவைத் தட்டுகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் அறைக்குப் பெரிய ஜன்னல். திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாழைத்தோப்பு. இந்த ஊரில் வாழையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம்முடையது பாக்கியசாலி.

வேலை நிறைய. கண் அறுவைக்குப் பிறகு கட்டு அவிழ்ப்பது என் பொறுப்பு. நேற்று ஒரு லாரி ஓட்டுநர். அவிழ்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே விரலை விட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டார். மறுபடியும் புதுக் கட்டு, மறுபடியும் நாலு நாள். "ஏன் சார் பாத்தீங்க?" என்றேன். "கண்ணு இருக்கான்னு பாத்தேன் சிஸ்டர்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாழைக்கும் அதே விதிதான். ஒருமுறை கட்டிவிட்டால் நாள் வரும்வரை பிரித்துப் பார்க்கக் கூடாது. அலமாரியில் என் பழைய பழுப்புக் கோட்டு தொங்குகிறது. இந்த ஊருக்கு அது தேவைப்படாது, அந்த ஊரிலும் இனிமேல் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது. குளிர் வந்ததும் அதை எடுத்து வாழைக்குப் போட்டுவிடு.

அப்பாவிடம் ஏதாவது பேசு. அவராக வாய் திறக்க மாட்டார். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வாழையைப் பற்றிப் பேசு.

முத்தங்களுடன்,
அம்மா


அக்டோபர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அப்பா இரண்டு தரம் படித்தார். "பாக்கியசாலி" என்ற இடத்தில் இரண்டு தரமும் சிரித்தார். நாங்கள் சுகம். உன் கை விரல்கள் மருந்து நீரில் ஊறி வெடித்துவிடுமே, எண்ணெய் தடவுகிறாயா?

எல்லாம் தயார். குதிரை லாயத்திலிருந்து நாலு கட்டு வைக்கோலை அப்பா டிப்போ வண்டியில் கொண்டுவந்தார். கோழி வளர்க்கிறவர்கள் வாங்கும் கம்பிவலை ஒரு சுருள். உன் கோட்டு. புத்தகத்தில் இருக்கும் படத்தை நான் பெரிதாக வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். தண்டைச் சுற்றிக் கம்பிவலை, நடுவில் வைக்கோல், உச்சியில் மூடி.

முதல் உறைபனி எந்த நாளும் விழலாம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் வகுப்பை வினாடி வினாப் போட்டிக்கு அடுத்த ஊருக்கு அழைத்துப் போகிறார்கள். திரும்பி வந்ததும் சனிக்கிழமை காலை கட்டிவிடுவோம்.

அப்பாவும் நானும் இப்போது நிறையப் பேசுகிறோம். நேற்று இரவுச் சாப்பாடு முழுக்க வைக்கோலைப் பற்றித்தான். சூப் ஆறிப்போனது.

மிகுந்த பிரியத்துடன்,
புழு


நவம்பர் 1
(இது தபால்பெட்டிக்குப் போகாத கடிதம்)

அம்மா,

இதை அனுப்பப் போவதில்லை என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை வினாடி வினாவில் இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வாழை இல்லை. தரையோடு தரையாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அதில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா ரம்பத்துடன் நின்றிருந்தார். சலூன் மாமா கைகளை உதறிக்கொண்டிருந்தார், ஒரு கிராக்கியை முடித்து அனுப்பியதைப் போல.

"என்னப்பா பண்ணிட்டீங்க?"

"ராத்திரி பனி விழுந்துடுச்சும்மா. இலையெல்லாம் கருகி, ஈரத் துணி மாதிரி தொங்கிச்சு. நீ வந்து பாத்தா அழுவியேன்னு... வெட்டிவிட்டா நல்லா வளரும்னு மாமா சொன்னாரு."

"முப்பது வருஷமா வெட்டறேன் பாப்பா. ஒட்ட வெட்டின தலை ஒண்ணாவது வளராம இருந்திருக்கா?"

"அது முடி மாமா! இது வாழை! தண்டை வெட்டக் கூடாது, இலையை மட்டும்தான்! கதவுலயே படம் ஒட்டியிருக்கேனே!"

அப்பா கதவைத் திரும்பிப் பார்த்தார். எப்போதுமே நிமிர்ந்து நடக்கிற மனிதர் அப்படி வளைந்து நின்று நான் பார்த்ததில்லை. "படத்த நான் தலைகீழா புரிஞ்சுக்கிட்டேன் போல" என்றார். அவ்வளவு மெதுவாக. எனக்கு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் சலூன் மாமாமேல் கோபப்பட்டேன்.

"சரி, வழுக்கை விழுந்தா மட்டும் நான் பொறுப்பில்ல" என்று முனகிக்கொண்டே அவர் வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

பிறகு அப்பா வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா அங்க தனியா கெடக்கா. இத எழுதாத. வந்தப்புறம் நானே சொல்லிக்கறேன்." அப்புறம்தான், உனக்கு ஒரு படமாவது எடுத்து அனுப்பலாமே என்று எங்களுக்கு அந்த யோசனை வந்தது. கம்பிவலையை நிறுத்தி, பழைய உயரத்துக்கே ஜன்னல் விளிம்புவரை வைக்கோலைத் திணித்து, மூடியும் வைத்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. நான் அதற்குப் பொய்வாழை என்று பெயர் வைத்தேன். வெட்டின இடத்தின் மேல் நிறுத்த நான் விடவில்லை. இரண்டடி தள்ளித்தான் நிறுத்த வேண்டும் என்றேன். கிழங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதன் மேல் சருகும் வைக்கோலும் குவித்துக் கோட்டைப் போர்த்தி நாலு கல் வைத்தேன். புத்தகத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: தண்டு போனாலும் சில சமயம் கிழங்கு பிழைக்கலாம். அந்தச் "சில சமயம்" எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்று அதில் இல்லை.

செத்துவிட்டால் என்னை மன்னித்துவிடு. அப்பாவையும்.


நவம்பர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

இருவரும் நலமே. உன் கை விரல்கள் எப்படி இருக்கின்றன?

தாமதத்துக்கு மன்னிக்கவும், பள்ளியில் தேர்வுகள். வினாடி வினாவில் இரண்டாம் பரிசு. மூன்று பேர்தான் போட்டியிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்துடன் ஒரு புகைப்படம். சலூன் மாமா எடுத்தது. மூலையில் மங்கலாகத் தெரிவது அவருடைய கட்டை விரல். வைக்கோல் ஜன்னல் விளிம்பு வரை இருப்பதைப் பார். நாங்கள் நன்றாகக் கட்டியிருக்கிறோம்.

வேறு விசேஷம் இல்லை.

புழு


டிசம்பர் 15

என் புழுவுக்கு,

நலம். விரல்களுக்கு எண்ணெய் தடவுகிறேன். மூன்று பேரில் இரண்டாவது என்றால் ஒருவரையாவது ஜெயித்தாய் அல்லவா, அந்தக் குழந்தைக்கு என் அனுதாபம்.

புகைப்படம் வந்தது. என் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் சீருடை எடுக்கும்போது பார்க்கிறேன். அப்பா சல்யூட் அடித்தபடி எவ்வளவு கம்பீரமாக நிற்கிறார்! வார்டு ஆயா பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் பக்கத்துல யாரு சிஸ்டர், வைக்கோல்ல ஒரு ஆளு?" என்றாள். "எங்க வீட்டுக் காவக்காரர்" என்றேன்.

கோட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதே. கல் நகர்ந்தால் திரும்ப வை.

ஒரு செய்தி. பெரிய டாக்டர் என்னை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்கிறார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு ஒன்றும் முடிவு செய்யவில்லை. நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

காதை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போ.

அம்மா


ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வரை பனி. நானும் அப்பாவும் காதை மூடிக்கொண்டுதான் போகிறோம், ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. அங்கே இப்போது மழைக்காலமாமே, செருப்பு காய்கிறதா?

அப்பா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வைக்கோலைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் போகிறார். போன வாரம் சலூன் மாமா ஒரு சாக்குப் பையோடு வந்தார். உள்ளே முழுக்க வெட்டின தலைமுடி. "குளிருக்கு முடிய விட நல்ல கம்பளி கெடையாது பாப்பா. கறுப்பு, நரை, செம்பட்டை, எல்லாம் கலந்து வெச்சிருக்கேன். பூச்சியும் கிட்ட வராது" என்றார். கோபத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கோட்டைத் தூக்காமல் அதன் ஓரங்களுக்கு அடியில் முடியைத் திணிக்கும்போது விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு வருஷம் என்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது உன் வேலை, நீதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வயது பதின்மூன்று ஆகிவிட்டது. அப்பாவும் எதுவும் கேட்கவில்லை. அவர் ஒன்பதாம் எண் பஸ்ஸை இரண்டு நாளாக நம் நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய்விட்டார் என்று மட்டும் சலூன் மாமா சொன்னார்.

அன்புடன்,
புழு


மார்ச் 8

அம்மா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

இத்துடன் நவம்பர் முதல் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதம் இருக்கிறது. முதலில் அதைப் படி. பிறகு இதைப் படி.

படித்தாயா? அதுதான் உண்மை. புகைப்படத்தில் நீ பார்த்தது பொய்வாழை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் எழுதுகிறேன். இந்த மாதம் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஒரு பொய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டே நீ முடிவு எடுப்பது நியாயம் இல்லை.

நேற்று இன்னொரு தப்பும் செய்தேன். பனி கரைந்ததும் பொறுக்க முடியாமல் கோட்டைத் தூக்கி, வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டேன், உன் லாரி ஓட்டுநர் போல. வெள்ளை வட்டம் இப்போது பழுப்பாக, தொட்டால் குழைகிறது. அழுகின நாற்றம். விரலை வைத்தால் உள்ளே போகிறது. அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதால் அவசர அவசரமாகக் கோட்டைத் திரும்பப் போர்த்தினேன். எப்படி விழுந்ததோ, கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம்.

வாழை செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். செத்தால் வர மாட்டேன் என்று சொன்னது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுதிவிட்டேன். ஆனாலும் பதில் எழுதும்போது அது விளையாட்டுதான் என்று ஒரு வரி எழுதிவிடு.

புழு


மார்ச் 24

என் தங்கப் புழுவே,

அது விளையாட்டுதான். விளையாட்டுதான். விளையாட்டேதான். ஒரு வரி கேட்டாய், மூன்றாக வைத்துக்கொள்.

நான் ஜூன் 24 வருகிறேன். இன்னொரு வருஷம் முடியாது என்று பெரிய டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே சொல்லிவிட்டேன். ஆக வாழை இருந்தாலும் வருவேன், அழுகினாலும் வருவேன், அந்த இடத்தில் ஒட்டகம் நின்றாலும் வருவேன்.

இப்போது என் முறை. நானும் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

என் அறைக்கு இருப்பது கையகல ஜன்னல். திறந்தால் சலவைக்கூடத்துச் சுவர். வாழைத்தோப்பு இருப்பது உண்மை, அதைப் பார்க்க அரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். நீங்கள் கவலைப்படக் கூடாதென்று அளந்துவிட்டேன். முதல் மூன்று மாதம் என்னால் முடியவே இல்லை, கண்ணே. டிசம்பரில் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கே போய்விட்டேன். டிக்கெட் வரிசையில் நின்றேன். அன்று காலை வந்த உன் உறை பிரிக்காமல் கைப்பையில் இருந்தது. நிற்கிற நேரத்தில் பிரித்தேன்.

படம் வெளியே வந்தது. அப்பா வைக்கோலுக்குப் பக்கத்தில் சல்யூட். ஒரு கட்டை விரல். நீ எங்கே என்று தேடினேன். நீ வைக்கோல் பக்கம் நிற்கவில்லை, புழு. இரண்டடி தள்ளி, தரையோடு தரையாக இருந்த ஒரு சின்னக் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து அதன் மேல் கை வைத்திருந்தாய். குவியலின் மேல் என் கோட்டு.

அவ்வளவு பெரிய வாழையைக் கம்பீரமாக நிறுத்திவிட்டு, கோட்டை மட்டும் ஏன் குவியலுக்குப் போட வேண்டும்? எது நிஜச் செடி என்று யாரிடம் கேட்க வேண்டும்? எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா ஏதோ செய்துவிட்டார், நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்காக ஒரு வைக்கோல் மனிதரை நிறுத்தியிருக்கிறீர்கள். அப்படிச் சிரித்தேன், முன்னால் நின்றவர் நாலடி நகர்ந்துகொண்டார். என் முறை வந்தது. "எங்கம்மா போகணும்?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். "எங்கயும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். எனக்காக இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்கிற வீட்டை, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஏமாற்ற முடியுமா?

அப்பாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லாதே. வந்தபின் தானே சொல்கிறேன் என்றாரே, அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. வெட்டின தண்டு மேலே அழுகத்தான் செய்யும். அதனால் கிழங்கு செத்தது என்று ஆகாது. நீயும் கண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டாய். அதனால் மறுபடியும் கட்டு, மறுபடியும் காத்திருப்பு. கோட்டைத் தொடாதே.

உன்னைவிடப் பெரிய பொய்க்காரி,
அம்மா


மே 17

அம்மா! அம்மா!

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு. அப்பா தேநீர்க் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்றிருந்தார். நான் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். "ஏய், இங்க வாயேன்" என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது. "கோட்டுக்குக் கை மொளைச்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். உன் கோட்டின் வலது கை நிமிர்ந்து நின்றது. காற்றில் தூக்கினது போல இல்லை. உள்ளே ஆள் இருப்பது போல, விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் கை தூக்குவது போல, நேராக. வெறுங்காலோடு ஓடினேன். மணிக்கட்டு வருகிற ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே, பச்சையாக, ஊசி முனை போலச் சுருண்ட ஒரு குருத்து!

மார்ச்சில் நான் அவசரமாகப் போர்த்தினபோது கோட்டின் தோள்பக்கம் சரியாகக் கிழங்கின் மேல் விழுந்திருக்கிறது. குருத்து மேலே வரும்போது வழி தேடி, கைக்குள் புகுந்து ஏறிவிட்டது. சட்டை போட்டுக்கொண்டே பிறந்த வாழை இதுவாகத்தான் இருக்கும். புத்தகத்தில் இப்படி எதுவும் இல்லை, நான் நாலு பக்கத்தையும் மறுபடி பார்த்துவிட்டேன்.

அப்பா கோப்பையை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். சலூன் மாமா முகத்தில் பாதிச் சவர நுரையோடு வேலியைத் தாண்டி வந்தார்.

"பாத்தியா பாப்பா? நான் அன்னைக்கே சொன்னேன். ஒட்ட வெட்டினா..."

"மாமா, மேல பேசாதீங்க."

"பேசல. ஆனா என் முடிக்கும் இதுல பங்கு இருக்குன்னு உங்கம்மாவுக்கு எழுதிடு."

எழுதிவிட்டேன். கோட்டின் அடி ஓரத்திலும் இரண்டு இடத்தில் துணி புடைத்திருக்கிறது. கன்றுகள் என்று நினைக்கிறேன். தூக்கிப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

எங்கள் உடம்புக்கு என்ன, பறக்காத குறைதான். நீ எப்படி இருக்கிறாய்?

புழு


ஜூன் 24
(வாசல் கதவில் செருகியிருக்கும் சீட்டு)

அம்மா,

நல்வரவு. பயணக் களைப்பு எப்படி? கால் வீங்கியிருந்தால் முதலில் தண்ணீரில் வை.

இன்று எனக்குக் கடைசித் தேர்வு, மூன்று மணிக்குத்தான் வருவேன். நீ நிலையத்திலிருந்து ஒன்பதாம் எண் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். கண்ணாடியில் உன்னைப் பார்த்தால் அப்பா பஸ்ஸை நேராகத் தோட்டத்துக்குள் விட்டுவிடுவார்.

சாவி வழக்கமான இடத்தில். ரொட்டி துணிக்குள் சுற்றியிருக்கிறது. சூப்பை மட்டும் சூடுபண்ணிக்கொள்.

அப்பா இரண்டு மணிக்கு வந்து உன்னிடம் ஒன்று சொல்லப் போகிறார். பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கிறார். "அது வந்து, போன அக்டோபர் கடைசில..." என்று ஆரம்பிக்கும். முதல் முறை கேட்பது போலக் கேள். இடையில் சிரித்துவிடாதே. ரம்பம் வருகிற இடத்தில் கொஞ்சம் திடுக்கிட்டால் நன்றாக இருக்கும்.

பொய்வாழை பாதிதான் மிச்சம். குருவிகள் தினமும் வந்து கூட்டுக்கு வைக்கோல் உருவிக்கொண்டு போகின்றன. அப்பா அதற்குச் சல்யூட் அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நிஜ வாழைக்கு இன்னும் உன் கோட்டுதான். முதல் இலை மணிக்கட்டு வழியாக வெளியே வந்து பிரிந்துவிட்டது, இரண்டாவதும் வந்துவிட்டது. தண்டு பருத்துக் கையின் தையல் விட ஆரம்பித்திருக்கிறது. கோட்டைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தக் கையை வெட்டித்தான் ஆக வேண்டும். சலூன் மாமா தன் கத்தரிக்கோலோடு மூன்று தடவை வந்தார். நான் விடவில்லை. இந்த வீட்டில் கட்டு அவிழ்க்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான், அவர் ஜூன் 24 வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாள் ஆகிவிட்டது, அம்மா. கத்தரிக்கோலைப் பின்வாசல் படியில் வைத்திருக்கிறேன். மூன்று மணி வரை மட்டும் பொறுத்துக்கொள். ஓரத்தைத் தூக்கிப் பார்க்காதே.

ஓடி வருகிறேன்,
புழு